சாலிசிலிக் அமிலம் தெளித்தால் திராட்சையில் அடிச்சாம்பல் நிற்குமா?

கேள்வி கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்திருக்கிறது. ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை, அதையொட்டி அரை ஏக்கரில் விதையில்லா ரகம். கேட்டவர் எழுதியதன் சாரம் இது: “மருந்துக் கடையில் சாலிசிலிக் அமிலப் பொடியைக் காட்டி, இதை அடித்தால் கொடியே நோயை எதிர்த்துக்கொள்ளும், இனி போர்டோ கலவையே வேண்டாம் என்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரோ, ஜிப்ரலிக் அமிலத்தில் குலை முக்க ஆரம்பித்ததிலிருந்துதான் அடிச்சாம்பல் கூடிவிட்டது என்கிறார். ஹார்மோனுக்கும் நோய்க்கும் அப்படி என்ன சம்பந்தம்?”

அவசரத்தில் இருப்பவருக்காகப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாலிசிலிக் அமிலத்தை நம்பி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை நிறுத்த வேண்டாம். காய் பெருக்கப் போடுகிற ஜிப்ரலிக் அமிலம், இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூக்கிற அடிச்சாம்பல் நோயைத் தானாகக் கொண்டுவருவதில்லை. அதைப் போடுகிற பருவமும் போடுகிற விதமும் நோய்க்கு இடம் கொடுத்துவிடலாம். கடைக்காரர் சொன்னது அடியோடு பொய்யும் இல்லை, பக்கத்துத் தோட்டத்துக்காரர் கண்டது வெறும் பிரமையும் இல்லை. ஏன் என்று புரிய, கொடிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கொடிக்கு நரம்பு இல்லை, ரத்தம் இல்லை. ஓர் இலைக்கு நேர்ந்தது இன்னோர் இலைக்குத் தெரிய வேண்டுமானால் ஏதாவது ஒரு பொருள் போய்ச் சொன்னால்தான் உண்டு. துளியூண்டு அளவில் உருவாகி, செல்லுக்குச் செல் நகர்ந்து, அங்கே எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது ஓய்ந்திருக்க வேண்டும் என்று மாற்றிவிடுகிற பொருள்களைத்தான் தாவர ஹார்மோன் என்கிறோம். நோய் விஷயத்தில் முன்னால் நிற்பவை மூன்று, மூன்றுமே நம் வீட்டுக்குப் பழக்கமானவை. சாலிசிலிக் அமிலம் கொஞ்சம் உருமாறிக் காற்றில் பறக்கும்போது மெத்தில் சாலிசிலேட் ஆகிறது. மூட்டுவலிக்குத் தேய்க்கிற தைலத்தின் வாசனை அதுதான். ஜாஸ்மோனிக் அமிலத்தின் பறக்கும் வடிவத்தை 1962-ல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது பிச்சிப்பூ எண்ணெயிலிருந்து. பெயரும் அந்தப் பூவின் குடும்பப் பெயரே. மூன்றாவது எத்திலீன், வைக்கோலுக்குள் மூடிவைத்த மாங்காயைப் பழுக்கவைக்கிற வாயு. அப்சிசிக் அமிலம், ஜிப்ரலின், ஆக்சின், சைட்டோகைனின் ஆகியவை வளர்ச்சிக்கும் தண்ணீர்ச் சிக்கனத்துக்கும் உரியவை என்று வெகுகாலம் நினைத்திருந்தோம். அவையும் நோய்ச் சண்டையில் கலந்துகொள்கின்றன என்பது பின்னால் தெரிந்தது.

கடைக்காரரின் பேச்சுக்கு மூலம் எங்கே இருக்கிறது தெரியுமா? 1979-ல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஆர்.எஃப். ஒயிட் என்பவர் புகையிலை இலைக்குள் ஆஸ்பிரின் கரைசலைச் செலுத்தினார். ஆஸ்பிரின் சாலிசிலிக் அமிலத்தின் நெருங்கிய உறவு. பிறகு தேமல் வைரஸைத் தடவிப் பார்த்தபோது, அந்த இலையில் நோய்ப்புள்ளிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. அதன்பின் 1990-களில், சாலிசிலிக் அமிலத்தைச் சிதைத்துவிடும் ஒரு பாக்டீரியா மரபணுவைப் புகையிலைக்குள் வைத்துப் பார்த்தார்கள். அந்தச் செடிகள் எதிர்ப்பை இழந்து நோயில் விழுந்தன. சாலிசிலிக் இல்லாமல் எதிர்ப்பு இல்லை என்று உறுதியானது இப்படித்தான். இவ்வளவும் உண்மை. ஆனால் இவ்வளவும் புகையிலை. திராட்சை வேறு கொடி, அடிச்சாம்பல் வேறு எதிரி.

எதிரிகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை உயிருள்ள செல்லில்தான் பிழைக்கும். செல் செத்தால் அதுவும் சாகும். அடிச்சாம்பலும் சாம்பல் நோயும் இந்த வகை. இன்னொரு வகை செல்லைக் கொன்று, செத்ததைத் தின்னும். குலைமேல் பூசணமாகப் படர்ந்து அழுகவைக்கிற போட்ரைட்டிஸ் அந்த வகை. முதல் வகை வந்தால், அது தொட்ட செல்லைக் கொடியே சாகடித்துப் பட்டினி போட்டுவிடலாம். இரண்டாவது வகைக்கு அதையே செய்தால் எதிரிக்குப் பந்தி விரித்த மாதிரி. அதனால் முதல் வகைக்குச் சாலிசிலிக் வழி, இரண்டாவது வகைக்கு ஜாஸ்மோனிக்–எத்திலீன் வழி, ஒன்று ஓங்கினால் மற்றது அடங்கும் என்று பாடப்புத்தகங்களில் எழுதியிருக்கும். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடியை வைத்துக் கண்ட கணக்கு அது.

திராட்சை இந்தக் கணக்குக்கு அப்படியே கட்டுப்படுவதில்லை. சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெல் பல்கலைக்கழகத்தில் 2005-ல் பீட்டா அமினோபியூட்டிரிக் அமிலம் என்ற பொருளைத் திராட்சைக் கொடிக்குக் கொடுத்து அடிச்சாம்பலைத் தடுத்துக் காட்டினார்கள். உள்ளே பார்த்தால் வேலை செய்தது கேலோஸ் என்கிற சர்க்கரைப் பசை அடைப்பும் ஜாஸ்மோனிக் வழியும். அடுத்த ஆண்டு பிரான்சின் போர்டோ நகரில் மெத்தில் ஜாஸ்மோனேட் தெளித்த கொடிகளில் சாம்பல் நோய் நன்றாகக் குறைந்தது. 2016-ல் லிஸ்பன் குழு, ரீஜென்ட் என்ற எதிர்ப்புள்ள ஜெர்மன் ரகத்தில் அடிச்சாம்பல் தொற்றிய முதல் மணி நேரங்களிலேயே ஜாஸ்மோனிக் வழி விழித்துக்கொள்வதைக் காட்டியது. அடிச்சாம்பல், சாம்பல் இரண்டுமே உயிருள்ள செல்லில் வாழ்பவை. புத்தகப்படி அங்கே ஜாஸ்மோனிக்குக்கு வேலையே இருக்கக் கூடாது. திராட்சையில் இருக்கிறது. ‘அடிச்சாம்பலுக்குச் சாலிசிலிக்’ என்று ஒற்றை வரியில் சொல்லிவிட முடியாததற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் நேரம். அதற்கு ஒரு ராத்திரி இலைக்கு அடியில் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் சிந்தினாற்போல மஞ்சள் வட்டம் விழுந்த இலை ஒன்றைப் பறித்து, நனைத்த காகிதத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, இருட்டில் வைத்துவிடுங்கள். காலையில் திருப்பிப் பார்த்தால், அந்த வட்டத்துக்கு நேர் கீழே பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளையாகப் பூத்திருக்கும். நுண்ணோக்கியில் அதை முதன்முறை பார்த்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஒவ்வோர் இலைத்துளையிலிருந்தும் ஒரு குட்டி மரம் முளைத்து, கிளை விரித்து, நுனியெல்லாம் எலுமிச்சை வடிவக் காய்கள். அந்தக் காய் இலையின் ஈரத்தில் விழுந்ததும் வெடித்து, வால் முளைத்த நீந்தும் வித்துகளை விடுகிறது. அவை நீந்திப்போய் இலைத்துளை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, துளை வழியாகக் குழாய் நீட்டி உள்ளே இறங்கி, செல்லுக்குள் உறிஞ்சுறுப்பைப் பாய்ச்சுகின்றன. அடிச்சாம்பல் உண்மையில் பூசணமே அல்ல, நீர்ப்பாசிகளுக்கு நெருங்கிய ஒரு தனி இனம். தண்ணீர் இல்லாமல் அதற்கு வாழ்க்கை இல்லை.

இந்த இடத்தில் ஹார்மோன் வருகிறது. இரவானால், அல்லது தண்ணீர் குறைந்தால், கொடி இலைத்துளைகளை மூட வேண்டும். தண்ணீர் குறைகிறபோது மூடு என்று சொல்வது அப்சிசிக் அமிலம். 2007-ல் பிரான்சின் திஜோன் ஆய்வாளர்கள், அடிச்சாம்பல் தொற்றிய இலைகளில் துளைகள் இருட்டிலும் மூடாமல் கிடப்பதைக் கண்டார்கள். அப்சிசிக் அமிலத்தை வெளியிலிருந்து கொடுத்தும் அவை கேட்கவில்லை. கட்டளை போகிறது, துளையைத் திறந்து மூடும் காவலாளி செல்லின் காது அடைக்கப்பட்டிருக்கிறது. தன் குட்டி மரங்கள் வெளியே வருவதற்கான வாசலை எதிரி திறந்தே வைத்துக்கொள்கிறான். இப்படிப்பட்ட எதிரிமேல், நோய் தெரிந்த பிறகு எந்த ஹார்மோனைத் தெளித்து என்ன?

நம் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க். ஐரோப்பாவிலிருந்து வந்த ரகம், வைட்டிஸ் வினிஃபெரா இனம். அடிச்சாம்பல் அமெரிக்காவின் காட்டுத் திராட்சைகளோடு வாழ்ந்த கிருமி. 1878 வாக்கில்தான் பிரான்சில் தலைகாட்டியது. அமெரிக்கக் கொடிகள் தலைமுறை தலைமுறையாக அதோடு மோதி, அதன் அடையாளத்தைக் கண்டுகொள்ளும் மரபணுக்களைச் சம்பாதித்து வைத்திருக்கின்றன. வினிஃபெராவுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதற்காக அதனிடம் ஹார்மோனுக்குப் பஞ்சம் என்று எண்ணிவிடக் கூடாது. 2008-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஒப்பீட்டைப் பாருங்கள். நோய்க்கு ஈடுகொடுக்கும் அமெரிக்க ரகமான நார்ட்டன் ஒரு பக்கம், வினிஃபெராவான கேபர்நே சாவிஞ்ஞோன் இன்னொரு பக்கம், இரண்டிலும் சாம்பல் நோயைத் தூவினார்கள். கேபர்நேயில் சாலிசிலிக் ஏறியது, நூற்றுக்கணக்கான மரபணுக்கள் எழுந்து ஆடின, ஆனாலும் நோய் படர்ந்தது. நார்ட்டனில் மாறிய மரபணுக்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் சாலிசிலிக் அளவு நோய் வருவதற்கு முன்னாலேயே கூடுதலாக இருந்தது.

இந்த முடிவை முதலில் வாசித்தபோது நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். திருடன் வீட்டுக்குள் புகுந்து சாமான் கட்டிய பிறகு ஊரையே கூட்டுகிறது கேபர்நே. நார்ட்டன் பொழுது சாயும்போதே கதவைத் தாழிட்டுவிட்டது. ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எப்போது இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் கேள்விக்கும் இதுவே மையம்.

ஹார்மோன் சொன்னதும் கொடி உண்மையில் என்னத்தைச் செய்கிறது என்று நீங்கள் கேட்கலாம். செல்சுவரைத் தடிப்பாக்கும், பூசணச் சுவரை அரிக்கிற நொதிகளைச் சுரக்கும். திராட்சைக்கென்று ஒரு சிறப்பு ஆயுதம் உண்டு, ஸ்டில்பீன்கள். 1976-ல் லாங்கேக், பிரைஸ் என்ற இருவர், நோய் தாக்கிய திராட்சை இலையைப் புற ஊதா விளக்கின் கீழ் பார்த்தபோது புள்ளியைச் சுற்றி நீலமாக ஒளிர்ந்தது. அந்த நீலம் ரெஸ்வெரட்ரால். சிவப்பு ஒயினைப் பற்றிய பேச்சில் அடிபடுகிறதே, அதே பொருள்தான். கொடிக்கு அது மருந்துச் சரக்கு. அதைச் செய்யும் நொதிக்கான மரபணு திராட்சையில் ஒன்றிரண்டல்ல, நாற்பதுக்கும் மேலே. ஜாஸ்மோனேட்டும் எத்திலீனும் அவற்றை எழுப்பிவிடும். 1993-ல் அந்த மரபணுவை எடுத்துப் புகையிலையில் வைத்தபோது, புகையிலைக்குப் போட்ரைட்டிஸை எதிர்க்கும் வலு வந்தது. ஆனால் ரெஸ்வெரட்ரால் தனியாகப் பெரிய விஷம் இல்லை. எதிர்ப்புள்ள ரகங்கள் அதை விரைவாக விணிஃபெரின் என்ற கடுமையான பொருளாக மாற்றிவிடுகின்றன. எதிர்ப்பில்லாத ரகங்கள் அதன்மேல் ஒரு சர்க்கரையை ஒட்டிப் பைசிட் என்ற சாதுவான பொருளாக்கிவிடுகின்றன. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் கண்ட இந்த வேறுபாடு எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. ஹார்மோனைத் தெளித்து உற்பத்தியைக் கூட்டலாம்; உற்பத்தியான சரக்கு எந்தப் பக்கம் போகும் என்பதை ரகம் தீர்மானிக்கிறது.

இப்போது சாலிசிலிக் பொடிக்கு வருகிறேன். தெளித்தால் பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன். நோய் வருவதற்கு முன்பாக, சரியான அளவில் தெளித்தால், எதிர்ப்பு நொதிகள் ஏறுகின்றன என்று ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். சாலிசிலிக்கின் வேலையைச் செய்யும்படி செயற்கையாக உருவாக்கிய அசிபென்சோலார் என்ற பொருளைப் பூசிய கொடியில் போட்ரைட்டிஸ் குறைந்து ரெஸ்வெரட்ரால் கூடியதும் பதிவாகியிருக்கிறது. தோட்டத்தில் வந்து நிற்கும்போதுதான் சிக்கல். ஆய்வுக் கூடாரத்துக்குள் ஒரே வயது இலை, ஒரே ஒரு தொற்று. தோட்டத்தில் தளிர், முற்றல், பூ, பிஞ்சு எல்லாம் கலந்து கிடக்க, நாலு நாள் சாரலில் அலை அலையாக வித்துகள் வந்து விழுகின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை, ஏதாவது ஒரு தோட்டத்தில் கவாத்து. ஊரில் எங்காவது இளம் இலை இல்லாத வாரமே கிடையாது. அதுதான் உங்கள் ஊரின் பெருமை, நோய்க்கும் அதுதான் வசதி. எதிர்ப்பைத் தூண்டும் மருந்துகள் எந்த நாட்டிலும் வயலில் ஒரே மாதிரி பலன் தருவதில்லை. ஒரு பருவம் பாதிக்கு மேல் தடுக்கும், அடுத்த பருவம் கை விரிக்கும். நெருக்கடி அதிகமான மழைக்காலத்தில்தான் பெரும்பாலும் கை விரிக்கிறது.

மூன்று விஷயங்களைக் கடையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சாலிசிலிக் அமிலம் குளிர்ந்த தண்ணீரில் சரியாகக் கரையாது. கரையாமல் மிதக்கிற துகளோடு அடித்தால் விழுந்த இடம் கருகும். அளவு கூடினாலும் இலை விளிம்பு தீய்ந்துபோகும். ஆய்வுகளில் பெரும்பாலும் 1 முதல் 2 மில்லிமோல் அளவில்தான் கையாள்கிறார்கள். 1 மில்லிமோல் என்றால் லிட்டருக்கு 138 மில்லிகிராம். பத்து லிட்டர் டேங்குக்கு ஒன்றரை கிராம்கூட வராது, ஒரு கைப்பிடியைக் கொட்டுகிற விஷயம் இல்லை. இதைப் போர்டோவோடு சேர்த்து அடிக்கவே கூடாது என்பது எல்லாவற்றிலும் முக்கியம். மயில்துத்தத்தின் செம்பைச் சுண்ணாம்புதான் கட்டிவைத்திருக்கிறது. அமிலம் சேர்ந்தால் கட்டு அவிழ்ந்து, செம்பு ஒரேயடியாக வெளியேறி இலையைச் சுட்டுவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைக் கரைத்து அடிக்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. அதற்கும் இதே பதில்தான். கூடவே மாத்திரையில் இருக்கிற மாவுச்சத்து தெளிப்பான் மூக்கை அடைக்கும்.

இன்னொன்று, எதிர்ப்பு இலவசமாக வருவதில்லை. நொதி செய்யவும் ஸ்டில்பீன் செய்யவும் செலவாகிற சர்க்கரை குலைக்குப் போக வேண்டியது. வாரா வாரம் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டிருந்தால் கொடி வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும். இதனால்தான் இப்போதைய ஆராய்ச்சி, ஹார்மோனையே ஊற்றுவதை விட்டுவிட்டு, கொடியைத் தயார்நிலையில் மட்டும் வைக்கிற பொருள்களைத் தேடுகிறது. கடல்பாசியிலிருந்து எடுக்கிற லாமினாரின், இறால் ஓட்டிலிருந்து கிடைக்கிற கைட்டோசான் இந்த வகை. கிருமி வந்ததுபோல் ஒரு சாடை காட்டுகின்றன, அவ்வளவுதான். கொடி அப்போது எதையும் பெரிதாகச் செலவழிக்காது. உண்மையான எதிரி வரும்போது முன்னைவிட வேகமாக எழும். ஐரோப்பாவில் இவற்றுக்கு இவ்வளவு மவுசு வந்ததற்குச் செம்பும் ஒரு காரணம். 1882-ல் பிரான்சின் மெடாக் பகுதியில், வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமலிருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் பூசியிருந்ததையும், அந்தக் கொடிகளில் மட்டும் இலை உதிராமல் நின்றதையும் மில்லார்தே என்ற தாவரவியலாளர் கவனித்தார். 1885-ல் போர்டோ கலவையாக அறிவித்தார். நூற்று முப்பது ஆண்டுக்கும் மேலாக அடித்த செம்பு மண்ணில் அப்படியே தங்கிவிட்டதால், இப்போது ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுக்கு மொத்தம் ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது. அங்கே செம்பைக் குறைக்க இந்த எதிர்ப்புத் தூண்டிகள் உதவுகின்றன. செம்பை முழுதாக நிறுத்த அவை போதவில்லை.

ஜிப்ரலிக் அமிலத்தின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அது உலகுக்கு அறிமுகமானதே ஒரு நோயாகத்தான். நெற்பயிர் திடீரென்று வெளிறி, நெட்டையாக வளர்ந்து, சாய்ந்து சாகிற நோயை ஜப்பானியர்கள் ‘முட்டாள் நாற்று’ என்றார்கள். 1926-ல் குரோசாவா என்ற ஜப்பானிய ஆய்வாளர், அந்த நோயை உண்டாக்கும் பூசணத்தை வளர்த்த சாறு மட்டுமே, பூசணம் இல்லாமலேயே, நாற்றை நெட்டையாக்குவதைக் காட்டினார். அந்தச் சாற்றிலிருந்து கிடைத்ததுதான் ஜிப்ரலின். செடிகளும் அதே பொருளைத் தமக்குள் செய்துகொள்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. செடியின் சொந்த மொழியைப் பேசித்தான் கிருமி ஏமாற்றியிருக்கிறது.

திராட்சையிலும் இதேபோல ஒன்று உண்டு. கொடியின் அடித்தண்டில் கழலை கட்டுகிற பாக்டீரியா, தன் டிஎன்ஏவில் ஒரு துண்டைக் கொடியின் செல்லுக்குள்ளேயே செருகிவிடுகிறது. அந்தத் துண்டில் இருப்பவை ஆக்சினையும் சைட்டோகைனினையும் செய்வதற்கான மரபணுக்கள். கொடியின் செல்லே தனக்கு வளர்ச்சி ஆணை கொடுத்துக்கொண்டு, கட்டுப்பாடில்லாமல் பெருத்துக் கழலை ஆகிறது. பனியில் தண்டு வெடிக்கிற குளிர்நாடுகளில் இது பெருந்தொல்லை. போட்ரைட்டிஸ் அப்சிசிக் அமிலத்தைத் தானே தயாரிக்கிறது. பழுக்கிற பருவத்தில் திராட்சைக்குள் ஏறுவதும் அப்சிசிக்தான் என்பதால், காய் பழுத்து இளகுவதும் போட்ரைட்டிஸுக்கு இடம் கொடுப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

நீங்கள் குலை முக்குகிற ஜிப்ரலிக்கால் எதிர்ப்புக் குறையுமா? அராபிடாப்சிஸில் ஜிப்ரலின் ஏறும்போது டெல்லா என்ற புரதங்கள் சிதைகின்றன. டெல்லா குறைந்தால் ஜாஸ்மோனிக் வழி மந்தமாகும். அந்தச் செடியில் இது தெளிவாகத் தெரிந்த பாதை. அதை வைத்துக்கொண்டு ‘ஜிப் போட்டால் கொடி நோயில் விழும்’ என்று திராட்சைக்கும் சொல்லிவிடுவது, புகையிலையை வைத்துச் சாலிசிலிக் விற்கிற அதே தவறுதான். தோட்டத்தில் ஜிப்ரலின் நோயைத் தொடுகிற வழி பெரும்பாலும் குலையின் வடிவம். ஜெர்மனி போன்ற நாடுகளில் நெருக்கமான குலை வைக்கிற ஒயின் ரகங்களுக்குப் பூக்கும் சமயத்தில் ஜிப்ரலிக் அடித்துக் குலையை நெகிழ்த்துகிறார்கள். காம்பு நீண்டு, காய்களுக்கு நடுவே காற்று புகுந்து, அழுகல் குறைகிறது. அங்கே ஜிப்ரலிக் நோய்த்தடுப்பாகவே பயன்படுகிறது. அதே ஜிப்ரலிக்கை, குலையைக் கழிக்காமல், காய் பெருக்க மட்டும் கொடுத்தால் நேர்மாறாக நடக்கும். காய்கள் ஒன்றையொன்று நெருக்கி, தோல் வெடித்து, சாறு கசிந்து, உள்ளே தண்ணீர் தங்கி, அழுகல் தொடங்கும்.

உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கண்டது அழுகல் அல்ல, அடிச்சாம்பல். அதற்கு என் கணிப்பு இது. விதையில்லா ரகத்தில் விதைக்கரு ஆரம்பத்திலேயே கருகிவிடுவதால், விதை சுரக்க வேண்டிய ஜிப்ரலின் கிடைப்பதில்லை. அந்தக் குறையைத்தான் நாம் வெளியிலிருந்து நிரப்புகிறோம். விதையுள்ள பன்னீருக்கு அந்தத் தேவை அவ்வளவாக இல்லை. பூவுக்கு முந்திய பருவத்திலிருந்து காய் கடுகளவு தாண்டிப் பெருக்கிற வரை பல தடவை அடிக்கிறோம், முக்குகிறோம். அடிச்சாம்பல் பூங்கொத்தையும் பிஞ்சையும் மிக எளிதாகப் பிடிப்பதும் இதே வாரங்களில்தான். பிஞ்சின் தோலில் திறந்த துளைகள் இருக்கும். காய் வளர வளர அவை அடைபட்டுப் புள்ளியாகிவிடும், பிறகு வெளியிலிருந்து நேரடியாகப் புக முடியாது. ஆக, வாசல் திறந்திருக்கிற நாட்களில் நாமே குலையைத் தண்ணீரில் முக்கி எடுக்கிறோம். நீந்தும் வித்துக்கு வேண்டியதும் தண்ணீர்தான். போதாததற்கு ஒரே டப்பாவில் நூறு குலை முக்கினால், ஒன்றில் இருக்கிற வித்து அடுத்ததற்குப் போக வழியாகிறது. ஜிப்ரலிக் குற்றவாளி என்று தோன்றுவதற்கு இவ்வளவு போதும். முக்குவதற்கு முன் குலைக்கான பூசணக்கொல்லி பாதுகாப்பு இருக்கட்டும், சாரல் இருக்கிற நாளில் முக்க வேண்டாம், மருந்துத் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். ஜிப்ரலிக்கையும் போர்டோவோடு கலக்கக் கூடாது. சுண்ணாம்பின் காரத்தில் அது சிதைந்துபோகும், காசு வீண்.

கவாத்துக்குப் பின் தளிரை அடக்கச் சிலர் அடிக்கிற சிசிசி (குளோர்மெக்வாட்) என்ற வளர்ச்சி அடக்கியும் ஹார்மோன் வேலைதான், கொடி தன் ஜிப்ரலினைச் செய்வதைத் தடுக்கிறது. அதை நோய்த்தடுப்பு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். 2010-ல் இந்தியத் திராட்சை ஐரோப்பியத் துறைமுகங்களில் சிக்கியது அதன் எச்சத்தால்தான்.

நீங்கள் செய்ய வேண்டியதாக எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மழை வாடை இருக்கிற காலத்தில் தளிர் நாலைந்து இலை விட்டதும் செம்பு அல்லது பரிந்துரைத்த பூசணக்கொல்லிப் பாதுகாப்பு தொடர்ந்து இருக்கட்டும். பந்தலுக்கு அடியில் காற்றும் வெளிச்சமும் போகிறபடி பக்கத் தளிரைக் கிள்ளிவிடுங்கள். இலை சீக்கிரமே காய்ந்துவிட்டால் வித்து நீந்துவதற்கு நேரம் இல்லை. யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள். தழைச்சத்து மிஞ்சிய கொழுத்த தளிர் அடிச்சாம்பலுக்கு மிகவும் இஷ்டமானது. பொட்டாசியம் பாஸ்போனேட் போன்ற பாஸ்பரஸ் அமில மருந்துகள் கிருமியை நேரடியாகவும் அடக்கும், கொடியின் எதிர்ப்பையும் எழுப்பும். ஹார்மோன் வழியில் தோட்டத்துக்கு இன்று உருப்படியாகக் கைகொடுப்பவற்றில் அதை முதலில் வைப்பேன். அளவையும் எத்தனை நாள் இடைவெளி என்பதையும் ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு நடை கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தொலைவும் இல்லை.

வாங்கிய சாலிசிலிக் பொடி வீணாகப் போகிறதே என்று இருந்தால், விதையில்லா பக்கம் இரண்டு வரிசையை மட்டும் ஒதுக்குங்கள். இரண்டுக்கும் வழக்கமான போர்டோ உண்டு. ஒன்றுக்கு மட்டும், போர்டோவுக்கு முன்னும் பின்னும் சில நாள் இடைவெளி விட்டு, லிட்டருக்கு 138 மில்லிகிராம் கணக்கில் வெந்நீரில் முழுதாகக் கரைத்து ஆறவைத்த சாலிசிலிக்கை, மழைக்கு முன்பாக, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். முதலில் ஒரே ஒரு கொடியில் அடித்து, மூன்று நாள் கழித்து இலை விளிம்பைப் பாருங்கள். கருகவில்லை என்றால் மற்றவற்றுக்குப் போகலாம். பத்து நாள் கழித்து ஒவ்வொரு வரிசையிலும் கைக்குக் கிடைத்தபடி ஐம்பது இலை பறித்து, எத்தனையில் எண்ணெய்ப் புள்ளி என்று எண்ணி, தேதியோடு எழுதி வையுங்கள். சந்தேகமான புள்ளியை மேலே சொன்ன மாதிரி ஈரக் காகிதத்தோடு பையில் போட்டு ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் திருப்பிப் பாருங்கள். இரண்டு மூன்று கவாத்துக்கு இதே எண்ணிக்கை உங்கள் கையில் இருந்தால், அதை இங்கே எழுதுங்கள். அந்த எண்களை வைத்து மேற்கொண்டு பேசலாம்.